என் பெயரில் எழுதப்பட்ட கணக்கு: ஒரு குடும்பம், ஒரு போக்காடு, இணையத்தில் தேடிய மூன்று வருஷம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது 2022 நவம்பரில். அன்று இரவு 2 மணிக்கு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து போனில் நான் தட்டிய வாக்கியம் இது: ‘வீட்டில் எது நடந்தாலும் என் மேல் பழி போடுகிறார்கள் என்ன செய்வது’.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் பணியில் இருந்த டாக்டர் வந்து, ரத்த அழுத்த மாத்திரையை நாலு மாசமாக நிறுத்தியிருக்கிறார், அதனால் வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன ஐந்து நிமிஷத்தில் அம்மா என்னைப் பார்த்து, “நீ போன்ல அப்படிப் பேசினதுலதான் அவருக்கு இப்படி ஆச்சு” என்றார். அண்ணனுக்காக இன்னொரு கடன் என் பெயரில் வாங்க முடியாது என்று மூன்று நாள் முன்பு நான் சொல்லியிருந்தேன், அதைத்தான் சொல்கிறார். அண்ணன் தலையாட்டினான், தங்கச்சி அழுதாள். விடிவதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போனது அம்மாவின் காரணம்தான். டாக்டர் சொன்ன மாத்திரை விஷயத்தை யாரும் திரும்ப எடுக்கவே இல்லை.

தமிழில் தேடியதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? பரிகாரம் சொல்லும் ஜோசியர்கள், பெற்றவர் சாபம் ஏழு ஜென்மம் விடாது என்று ஒரு காணொளி, மாமியார் மருமகள் சண்டைக்குத் தீர்வு, அப்புறம் பொறுத்துப்போனால் எல்லாம் சரியாகும் என்று கையைக் கூப்பிப் பேசும் ஒரு பெரியவர். என்னை மாதிரி பெற்ற வீட்டிலேயே இப்படி இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ எதுவும் இல்லை. கடைசியில் அரைகுறை ஆங்கிலத்தில் தட்டினேன், அப்போதுதான் கதவு திறந்தது. அந்தக் கதவுக்குள் நல்லதும் இருந்தது, என்னை இன்னும் இரண்டு மாசம் படுக்கவைத்த விஷயங்களும் இருந்தன, இரண்டையும் எழுதத்தான் போகிறேன்.

இதை நான் ஒரு நிகழ்வு ஆய்வாக, அதாவது ஒரே ஆளுக்கு நடந்ததைக் கூர்ந்து பார்ப்பதாக, எழுதுகிறேன். ஆய்வுக்கு எடுத்த ஆள் நானே என்றாலும், நான் ஒரு கணக்காளர், எதையும் தேதியோடு குறித்துவைப்பது பழக்கம், அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் எழுதுகிறேன். ஊர், வேலை பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

வீட்டுப் பின்னணி. ஈரோடு பக்கம் ஒரு சிறு ஊர், அப்பா வைத்திருந்தது பாத்திரக்கடை. நான் இரண்டாவது, 1986 தை மாசம் பிறந்தேன், அதே தை மாசம் கடை மூடப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். “இவ பொறந்த நேரம்” என்ற மூன்று வார்த்தை எங்கள் வீட்டில் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் விழும். அண்ணன் பைக்கில் விழுந்தால், தங்கச்சிக்கு வந்த வரன் தட்டிப்போனால், கிணற்றில் தண்ணீர் வற்றினால். யாரும் கோபமாகக்கூடச் சொல்லமாட்டார்கள். காய் நறுக்கிக்கொண்டே, மழை வருகிறது என்று சொல்வதைப்போலச் சொல்வார்கள். அடி உதை என்று பெரிதாக எதுவும் கிடையாது, அதனாலேயே இதை யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை, சொன்னால் ‘எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே’ என்பார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், இதன் அமைப்பு அதில் தெளிவாகத் தெரியும். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது பீரோவில் வைத்திருந்த பணம் காணாமல் போனது. நான்தான் எடுத்தேன் என்று முடிவாகி ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் துணி துவைக்கும்போது அண்ணன் சட்டைப்பையில் அந்தப் பணம் கிடைத்தது. என்ன ஆகியிருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஆனது வேறு. “உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்று அம்மா என்னைத்தான் திட்டினார். உண்மை வெளியே வந்தபிறகும் பழி இடம் மாறவில்லை, காரணம் மட்டும்தான் மாறியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 36 வயது ஆகவேண்டியிருந்தது. பழி என்பது நடந்த தப்பைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

வேலைக்குப் போனபிறகு நான் செய்ததும் ஒரு மாதிரி பைத்தியக்காரத்தனம்தான். வீட்டுக்கடன் தவணை, தங்கச்சி கல்யாணச் செலவில் பாதி, அண்ணன் கடைக்கு முன்பணம் எல்லாம் என் சம்பளம். பணம் கொடுத்தால் பழி கழியும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. கழியவே இல்லை. எனக்கு வரன் அமையாததற்கும் அந்த நேரமே காரணமாகிவிட்டது.

சரி, இணையத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் முதலில் கிடைத்தது ஒரு பெயர். அமெரிக்க மனநல ஆலோசகர் ரெபேக்கா மாண்டவில் இதற்குக் குடும்பப் பழிசுமத்தல் வன்முறை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து எழுதிவருகிறார். அதைப் படித்துக்கொண்டே பின்னால் போனால், எஸ்ரா வோகல், நார்மன் பெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்: கணவன் மனைவிக்குள் பேசித் தீர்க்க முடியாத இறுக்கம் இருக்கும்போது, ஒரு குழந்தையைப் பிரச்சினையாக ஆக்கிவிட்டால் அவர்களுக்கு நடுவில் அமைதி வந்துவிடுகிறது, அதனால் வீட்டுக்கே அந்தக் குழந்தை பிரச்சினையாக இருப்பது தேவைப்படுகிறது. மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்று விளக்கினார். இரண்டு பேருக்குள் பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கடை முழுகியதைப் பற்றி அப்பா பேசமாட்டார், போன நகையைப் பற்றி அம்மா அப்பாவிடம் கேட்கமாட்டார். இரண்டையும் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் வேண்டும். தொட்டிலில் நான் இருந்தேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், எனக்கு அது முக்கியமாகப் பட்டது. இதைத் தமிழில் பலியாடு, பலிகடா என்கிறோம். ஆனால் ஸ்கேப்கோட் என்ற ஆங்கிலச் சொல் வந்த இடம் விவிலியத்தின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரம். அங்கே இரண்டு ஆடுகள் வரும். ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியர் இரண்டு கையையும் வைத்து, ஊர் செய்த பாவம் அத்தனையையும் சொல்லி அதன் மேல் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பழைய தமிழ் விவிலியம் அந்த இரண்டாவது ஆட்டைப் போக்காடு என்கிறது. எனக்குப் பொருந்தியது அந்தச் சொல்தான். என்னை யாரும் வெட்டவில்லை, தலையில் கை வைத்துச் சொல்லி ஏற்றினார்கள். ஒரு வித்தியாசம், அந்த ஆட்டையாவது போகவிட்டார்கள். என்னைக் கட்டியும் வைத்திருந்தார்கள், தவணை கட்டவேண்டுமே.

பெயர் கிடைத்த முதல் வாரம் ஏதோ காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. நான் ஒருத்தி மட்டும் இல்லை, இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது, நான் கற்பனை செய்யவில்லை என்ற நிம்மதி. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. டிசம்பர், ஜனவரி இரண்டு மாசமும் இரவு 11 மணியிலிருந்து 3 மணி வரை படிப்பதும் பார்ப்பதுமாகவே போனது. ஒவ்வொரு காணொளியும் அடுத்ததைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும். ஒவ்வொருவரும் அம்மாவை நார்சிசிஸ்ட், அதாவது தன்னைத் தவிர யாரையும் நினைக்காத ஆள், என்பார்கள், அதற்குப் பத்து அறிகுறி சொல்வார்கள், நான் உட்கார்ந்து அம்மாவுக்கு மதிப்பெண் போடுவேன். மறுநாள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தால்கூட இது எந்த அறிகுறி என்று யோசிப்பேன். 36 வருஷம் என்னை ஒரே சொல்லில் அடைத்தார்கள் என்று அழுதவள், அம்மாவையும் ஒரே சொல்லில் அடைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் போனது, ஆபீஸில் ஒரு ஜிஎஸ்டி தாக்கலில் தப்பு செய்தேன், பன்னிரண்டு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் டிவி சம்பவம். நான் போனில் பார்த்ததும் வீட்டு டிவியில் யூடியூப் ஓடுவதும் ஒரே கணக்கு, அது என் புத்தியில் ஏறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஏதோ பாட்டுப் போடப் போனால், திரை முழுக்க ‘உங்கள் தாய் உங்களை வெறுப்பதற்கான அறிகுறிகள்’ என்ற ரகத்தில் காணொளிகள் வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு நடந்ததை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. பழிக்குப் புதிதாக ஒரு ஆதாரம் கிடைத்தது அவர்களுக்கு, “பெத்தவளைப் பத்தி போன்ல என்னென்ன பார்க்கிறா பாரு” என்று. அதனால் இதைப் படிக்கும் யாராவது இதே நிலையில் வீட்டிலேயே இருந்தால், எதையும் தேடுவதற்கு முன்னால் தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள், டிவியிலோ தங்கச்சி போனிலோ அந்தக் கணக்கு திறந்திருக்கக் கூடாது, பார்வை வரலாறு பதியாதபடி அமைத்துவிடுங்கள், போன் திறக்கும் எண்ணை மாற்றுங்கள். எழுதிவைப்பதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், குடும்பக் குழுவுக்கு மாறிப்போக ஒரு விரல் தவறினால் போதும்.

டிவி சம்பவத்துக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். நேரம் சுருங்கியதும் எதைப் படிப்பது என்று பொறுக்கவேண்டி வந்தது, அதுவே ஒரு நல்லதாக ஆனது. வவுச்சரைச் சரிபார்க்கிற கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். இதைச் சொல்கிறவர் யார், என்ன படித்திருக்கிறார், பெயரும் தகுதியும் வெளிப்படையாக இருக்கிறதா? நேரில் பார்க்காத என் அம்மாவுக்கு நோய்ப் பெயர் சூட்டுகிறாரா, இல்லை நடத்தையைப் பற்றி மட்டும் பேசுகிறாரா? நானும் சில இடத்தில் தப்பாகப் புரிந்திருக்கலாம் என்று யோசிக்க இடம் கொடுக்கிறாரா? எட்டு வாரப் பயிற்சி 18,000 ரூபாய், இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை என்று கடிகாரம் ஓடவிட்ட ஒருவரிடம் நான் கிட்டத்தட்ட பணம் கட்டியே இருப்பேன். காயத்தில் இருக்கும் ஆளை அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் 14416. மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நான் அலுவலக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினேன். எடுத்த பெண் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். மூன்றாவது கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வந்ததுண்டு என்று சொன்னேன், அதிராமல் கேட்டுக்கொண்டார். தொடர்ந்து ஒரு உளவியலாளரைப் பார்ப்பது நல்லது என்று சொன்னார். இருபது நிமிஷம் இருக்கும். இரண்டு மாசம் பார்த்த காணொளிகள் தராததை அந்த இருபது நிமிஷம் தந்தது, ஏனென்றால் என் மொழியில் ஒரு ஆள் பதில் பேசினார்.

உளவியலாளரைத் தேடுவதில் முதல் தடவை ஏமாந்தேன். விளம்பரத்தில் பார்த்த ஒரு ஆலோசகர், இரண்டாவது அமர்விலேயே “அம்மாதானே, மன்னிச்சு விட்டுடுங்க, அவங்களுக்கு எவ்வளவு கஷ்டமோ” என்றார். மன்னிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்காமல் மன்னிக்கச் சொல்வது எங்கள் வீட்டில் நடந்ததன் நீட்சிதான். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிற நிலையில், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்கவேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அந்தக் குழுமத்தின் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். அப்படித் தேடிக் கிடைத்தவரோடுதான் இன்றுவரை பேசுகிறேன், மாசம் இரண்டு தடவை, வீடியோவில், ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்லை, அண்ணன் கடையின் சீட்டுப்பணத்தை நிறுத்தி அதில்தான் கட்டுகிறேன்.

அவரிடம் நான் படித்ததை எல்லாம் கொட்டினேன். அவர் சிரிக்காமல் பிரித்துக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருப்பது, அதில் சிக்கலான அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. வழக்கமான அதிர்ச்சி அறிகுறிகளோடு, உணர்ச்சியை அடக்கி ஆள முடியாமை, தன்னைப் பற்றியே ஒரு ஆழ்ந்த தாழ்வும் குற்றவுணர்வும், மற்றவர்களோடு நெருங்கி இருக்க முடியாமை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். உங்களுக்கு இரண்டாவது ரொம்ப இருக்கிறது, மற்றதை நாம் பொறுமையாகப் பார்ப்போம், நீங்களே பெயர் ஒட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். குடும்பப் பழிசுமத்தல் என்பது ஒரு நடத்தையின் பெயர், நோயின் பெயர் இல்லை என்பதையும் அவர் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: உறவை அடியோடு அறுத்துவிடு. அதைப் படித்துவிட்டு எனக்குக் குற்றவுணர்வுதான் கூடியது, இதைக்கூடச் செய்ய முடியாத கோழை என்று. கல்யாணமாகாத பெண், வீட்டுக்கடன் என் பெயரில், அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது, ஊரில் ஒரு சாவு என்றால் போய் நிற்கவேண்டும். சிலருக்கு அறுப்பதுதான் உயிர்பிழைக்கும் வழி, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியது தூரம். 2023 ஏப்ரலில் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன், கம்பெனி அனுப்புகிறது என்று வீட்டில் சொன்னேன், மகளிர் விடுதியில் சேர்ந்தேன். வீடு ஏற்றுக்கொள்ளும் ஒரு காரணத்தைச் சொல்லி நகர்ந்தேன், இதில் எனக்கு வெட்கம் இல்லை.

எனக்கு நன்றாக வேலை செய்த இன்னொன்றை ஆங்கிலத்தில் கிரே ராக் என்கிறார்கள், சாம்பல் நிறக் கல்லைப்போலச் சலனமில்லாமல் இருப்பது. நம் வீடுகளில் பதிலே பேசாமல் கல்லாக உட்கார்ந்தால் திமிர் என்று அதுவே பெரிய சண்டையாகும். அதனால் உளவியலாளரோடு உட்கார்ந்து என் வாயில் வரக்கூடிய வாக்கியங்களாக மாற்றிக்கொண்டேன். “சரிம்மா, பார்க்கிறேன்.” “அது எனக்குத் தெரியலைம்மா.” “மாத்திரை போட்டாரா அப்பா?” மூன்றே மூன்று. சொல்லிப் பழகினேன், நிஜமாகவே விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று சத்தமாக. சம்பளம் எவ்வளவு, யாரோடு பேசுகிறேன், உடம்புக்கு என்ன என்கிற விவரங்களை வீட்டுக்குச் சொல்வதை நிறுத்தினேன், ஏனென்றால் நான் சொன்ன ஒவ்வொன்றும் ஆறு மாசம் கழித்து எனக்கு எதிரான சாட்சியாக வரும். மூன்று மாசத்தில் போன் பேசும் நேரம் நாற்பது நிமிஷத்திலிருந்து எட்டு நிமிஷமாகக் குறைந்தது, குறித்துவைத்திருக்கிறேன்.

எழுதுவதைப் பற்றி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்தேன். கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு நடந்த மோசமானதைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுதினார்கள். நடந்ததையும் அதற்குப் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாசங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் மோசமாகத்தான் இருந்தது, இதையும் அதே ஆய்வு சொல்கிறது, இணையத்தில் பலர் இந்தப் பாதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கும் அப்படியே ஆனது. முதல் இரண்டு நாள் எழுதிவிட்டு வாந்தி வரும்போல இருந்தது. அதனால் தனியாக இருக்கும் இரவில் எழுதாதீர்கள், எழுதி முடித்ததும் யாருடனாவது ஒரு டீ குடிக்கப் போகிற மாதிரி நேரம் பார்த்து எழுதுங்கள்.

அந்த நாலு நாளுக்குப் பிறகு அதை ஒரு பதிவேடாக மாற்றிக்கொண்டேன். தேதி, என்ன சொன்னார்கள், உண்மையில் என்ன நடந்தது, என் உடம்பில் எங்கே வலித்தது. மூன்றாவது பத்திதான் எனக்கு மருந்து. ‘குக்கர் வெடித்தது உன்னால்’, நடந்தது: கேஸ்கட் தேய்ந்திருந்தது, நான் கோயம்புத்தூரில் இருந்தேன். இப்படி நாற்பது, ஐம்பது வரி ஆனதும், கணக்கு ஒத்துப்பார்க்கிற ஆளுக்கு ஒன்று புரியும், ஒரு பதிவுக்குக்கூட வவுச்சர் இல்லை.

ஆதரவுக் குழு என்று ஒன்றையும் முயன்றேன். குடிநோயாளிகளின் வளர்ந்த பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு, ஏசிஏ என்பார்கள், குடி இல்லாவிட்டாலும் சீர்கெட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் வரலாம். ஜூமில் நடக்கும், கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்லவேண்டாம், கேமராவை அணைத்துவைக்கலாம். அவர்களுடைய மாலை நமக்கு அதிகாலை, 6 மணிக்கு விடுதி மொட்டைமாடியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, அறிவுரையும் சொல்லக்கூடாது, அதுதான் விதி. நான் வாய் திறக்க ஏழு வாரம் ஆனது. மூன்று நிமிஷம் உடைந்த ஆங்கிலத்தில் பேசினேன், கடைசியில் நன்றி என்று மட்டும் சொன்னார்கள். யாரும் “அம்மா பாவம்” என்று சொல்லாமல் நான் பேசி முடித்த முதல் மூன்று நிமிஷம் அது. மீள்வதற்கு என்று அவர்கள் வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளும் இறைவனிடம் ஒப்படைக்கும் பேச்சும் எல்லாருக்கும் ஒத்துவராது, எனக்கும் பாதிதான் ஒட்டியது.

இந்த ஆய்வில் திருப்பம் என்று ஒன்று இருந்தால் அது இணையத்துக்கு வெளியே நடந்தது, ஆனால் அங்கே படித்த ஒரு பயிற்சியால் நடந்தது. உங்களைப் பற்றி வீடு சொல்லும் கதையை ஒரே வரியில் எழுதுங்கள், அந்த வரி உண்மை என்றால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். என் வரி: நான் பிறந்ததால் கடை மூழ்கியது. அது உண்மை என்றால் நான் பிறக்கும்வரை கடை நன்றாக ஓடியிருக்கவேண்டும். முப்பத்தேழு வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை, நினைக்கும்போதே உடம்பு நடுங்குகிறது, தினமும் ஊரார் கணக்கை எல்லாம் சரிபார்க்கிற வேலை பார்த்துக்கொண்டு.

அத்தையிடம் போனேன், அப்பாவின் அக்கா. கடை இருந்தது மாமாவின் கட்டடத்தில். “ஏங்கண்ணு, உன்னால கடை போச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?” என்றார் முதலில். எல்லாரும்தான் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பரண் மேல் ஏறச்சொன்னார். தகரப்பெட்டியில் இரண்டு பேரேடு, துணியில் சுற்றிய அடகு ரசீதுகள். அம்மாவின் ஆரம் 1984 ஆவணியில் அடகு போயிருக்கிறது, வளையல் 1985 சித்திரையில். கூட்டாளிக்கு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜாமீன் தொகை, வசூலாகாத பாக்கி என்று பேரேட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் அம்மா வயிற்றில் வருவதற்கு முன்பே கடை முழுகிவிட்டது. பூட்டியது மட்டும்தான் தை மாசம். வேறொருவர் கடனை என் பெயரில் பற்று எழுதியிருக்கிறார்கள், நானும் 37 வருஷம் வட்டி கட்டியிருக்கிறேன். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன், அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டு, “எங்களுக்கும் தெரியும் கண்ணு, யாரும் வாயத் தொறக்கல” என்றார்.

ரசீதுகளைப் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வைக்கவேண்டும் என்று வெறியாக இருந்தது. வேண்டாம் என்றார் உளவியலாளர், ஆதாரம் பார்த்து மாறுகிற கதையாக இருந்தால் பீரோப் பணம் கிடைத்த அன்றே மாறியிருக்கும் என்றார். அப்பாவிடம் மட்டும், தனியாக இருக்கும்போது, 1984 ஆவணி என்று சொன்னேன். வாய் கோணிப் பேசும் அவர், “தெரியும்மா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்பு வரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். உயிரை விடும் எண்ணம் இருந்தால் முதலில் 14416. சென்னையில் சிநேகா என்ற அமைப்பு 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது. இலங்கையில் இருந்தால் மனநல உதவி எண் 1926. வீட்டில் அடி விழுகிறது, வெளியே தள்ளுகிறார்கள் என்றால், இந்தியாவில் பெண்களுக்கு உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் மகளுக்கும் சகோதரிக்கும்கூட அது பொருந்தும், வார்த்தையால் செய்யும் கொடுமையும் பணத்தைப் பிடுங்குவதும் அதில் வன்முறைதான்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், தூங்குகிறேன். வீட்டுக்கடன் தவணை மட்டும் கட்டுகிறேன், அது என் கையெழுத்து. அண்ணன் பேசுவதில்லை. சில ஞாயிற்றுக்கிழமை இன்னும் எட்டு நிமிஷப் பேச்சுக்குப் பிறகு கை நடுங்குகிறது. காணொளிகளை நிறுத்திவிட்டேன், ஜூம் கூட்டத்துக்கு மாசம் ஒரு தடவை போகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்று மதியம் அடுப்படியில் தயிர்ச்சட்டி விழுந்து உடைந்தது. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு, காய் நறுக்கும்போது சொல்வாரே, அதே குரலில், “இவ அப்படியே அத்தை மாதிரி, கால் பட்ட இடம் விளங்காது” என்றார். நான் அம்மி பக்கத்தில்தான் நின்றேன். “அம்மா, சட்டியைத் தட்டிவிட்டது பூனை. நான் பார்த்துட்டே இருந்தேன். பாப்பா உள்ளயே வரலை” என்றேன். எனக்காக ஒரு நாளும் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் அது, சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. “சரி சரி, இப்ப யாரு என்ன சொல்லிட்டா” என்று அம்மா விளக்குமாறு எடுக்கப் போனார். பாப்பா உடைந்த ஓட்டைப் பொறுக்க வந்தாள். கையில குத்தும், நீ தள்ளி நில்லு சாமி என்று சொல்லிவிட்டு நானே பொறுக்கினேன்.